தீவுத் தோட்டத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை: பிடிப்பது, அழிப்பது, திரும்ப வராமல் காப்பது

முதல் மழை பெய்த இரவு, அந்தமானில் கொல்லைக் கதவைத் திறந்து டார்ச் அடித்தால் பல வீடுகளில் அது கண்ணில் படும். வாழையடியில், பப்பாளித் தண்டில், வெள்ளையடித்த மதிலில், கிணற்று விளிம்பில் என்று உள்ளங்கை நீள ஓட்டைச் சுமந்துகொண்டு ஊர்ந்து போகும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த நத்தை தானாக எந்தக் கடலையும் தாண்டியதில்லை. 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு மனிதர்தான் கொண்டுவந்தார்கள். 1900இல் இலங்கைக்கும் அப்படியே வந்தது. அந்தமானுக்கு வந்தது ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையில் என்று சொல்லப்படுகிறது.

காய்கறிப் பாத்தியைத் தின்பது இதன் கெடுதலில் ஒரு பகுதிதான். தின்னக்கூடிய தாவர வகைகள் 500க்கும் மேல். தீவுக் காட்டின் விதை முளைத்து இரண்டு இலை விடும்போதே மென்றுவிடும். அந்த மரம் உலகில் வேறெங்கும் இல்லாத மரமாகவும் இருக்கலாம். எலிகளுக்கு இந்த நத்தை நல்ல தீனி. எலி பெருகினால் பறவைக் கூடுகளில் முட்டை மிஞ்சாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு தன் இளமைக் காலத்தை நத்தைக்குள் கழிக்கிறது. அந்தப் புழு மனித உடலுக்குள் போனால் மூளை உறையை வீங்கவைக்கும்.

தென் அந்தமான் போன்ற பெரிய தீவில் இதை அடியோடு ஒழிப்பது ஒரு குடும்பத்தாலோ ஒரு ஊராலோ ஆகாது. ஆனால் ஒரு தெருவை, ஒரு பாக்குத் தோப்பை, தோட்டம் முடிந்து காடு தொடங்கும் அந்த ஓரத்தை, இன்னும் நத்தை ஏறாத ஒரு சிறு தீவை நிச்சயம் காப்பாற்றலாம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இருப்பவர்களுக்கும் முறை இதுதான். மழை மாதங்களை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் அடையாளம்

தீவுகளுக்கே உரிய நத்தைகள் பல உண்டு. இலைச்சருகைத் தின்று மண்ணாக்குவது, மரப்பட்டைப் பாசியை மேய்வது என்று ஒவ்வொன்றுக்கும் காட்டில் வேலை இருக்கிறது. ஆப்பிரிக்க நத்தை என்று நினைத்து அவற்றைக் கொன்றால் காப்பாற்ற வந்ததையே அழித்ததாகிவிடும். ஆகவே பிடிக்கும் முன் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ஆப்பிரிக்க நத்தையின் ஓடு கூம்பு வடிவம். சாதாரணமாக 7 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கும், அரிதாக 20 சென்டிமீட்டர் வரை போகும். வெளிர் நிறத்தின் மேல் பழுப்புக் கோடுகள் தீற்றியதுபோல் நெடுக ஓடும். வயதான ஓட்டில் நுனிப்பக்கம் சாயம் போய் வெளுத்திருக்கும்.

உறுதியான அடையாளம் ஓட்டின் வாயில் இருக்கிறது. நுனி மேலே இருக்கும்படி பிடித்து, வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். நத்தையை லேசாகத் தட்டினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போது வாயின் உள்விளிம்பில் வெள்ளையாக ஒரு நடுத்தண்டு கீழிறங்கி வருவது தெரியும். மற்ற பல நத்தைகளில் அது வளைந்து உதட்டோடு வழவழப்பாகச் சேர்ந்துவிடும். ஆப்பிரிக்க நத்தையில் கத்தியால் நறுக்கியதுபோல் சட்டென்று முடிந்து, அடியில் சிறு பள்ளம் விழும். இதை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவருக்கு அப்புறம் சந்தேகம் வராது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. உள்ளே இழுத்துக்கொண்டதும் வாயைக் கெட்டியான வட்ட மூடியால் அடைத்துக்கொள்ளும் நத்தை ஆப்பிரிக்க நத்தை அல்ல. அதை எடுத்த இடத்திலேயே வையுங்கள். இரவில் ஆப்பிரிக்க நத்தை ஓடு ஒன்று விறுவிறுவென்று நகர்ந்தால் கையை நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது துறவி நண்டாக இருக்கும். காலி ஓட்டுக்குள் குடியேறுவது அதன் வழக்கம். டார்ச் வெளிச்சத்தில் கால் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சு 4, 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த அளவில் உள்ளூர்ச் சிறுநத்தைகளிலிருந்து பிரித்தறிவது கடினம். காய்கறிப் பாத்தியில், தொட்டிகளுக்கிடையில் கூட்டமாகக் கிடந்தால் எடுங்கள். காட்டுச் சருகில் கிடக்கும் சிறுநத்தையைத் தொட வேண்டாம்.

பருவம் தெரிந்து இறங்குங்கள்

பெரும்பாலோர் மே மாதம் மழை தொடங்கி, நத்தை கண்ணில் பட்ட பிறகுதான் வாளியைத் தூக்குகிறார்கள். அதற்குள் முட்டை மண்ணுக்குள் போயிருக்கும். ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டை, வருடத்தில் பல தடவை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒருமுறை இணைசேர்ந்தால் விந்தை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயன்படுத்தும். ஆகவே துணையில்லாமல் ஒற்றையாக வந்திறங்கிய நத்தைகூட ஒரு தீவை நிரப்பத் தொடங்கலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் பெரிய நத்தைகள் நிழலான இடுக்குகளில் கும்பலாக ஒண்டி, ஓட்டின் வாயை வெண்சவ்வால் மூடிக்கொண்டு தூங்கும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உங்களுக்குக் கிடைக்கும் மிக மலிவான வாய்ப்பு அதுதான். மார்ச்சில் எடுக்கும் ஒரு தாய்நத்தை ஜூனில் எடுக்க வேண்டிய நூறு குஞ்சுக்குச் சமம்.

தேட வேண்டிய இடங்கள்: தேங்காய் மட்டைக் குவியலின் அடி, அடுக்கிய செங்கல்லுக்கும் ஹாலோ பிளாக்குக்கும் நடுவே, பழைய தகரத்துக்கு அடியில், வெட்டிய வாழைத்தண்டின் பட்டைகளுக்குள், எருக்குழியின் ஓரம், வறண்ட வடிகாலின் சிலாப்புக்குக் கீழே, மரப்பொந்து, மதிலின் நிழல் பக்கம். மேலேயும் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் மரத்தில் ஏறிச் சவ்வு மூடிக் கிடப்பவையும் உண்டு.

மட்டைக் குவியலைப் புரட்டும்போது மேலிருந்து கலைக்காமல் ஒரு பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மட்டையையும் தட்டி, இரண்டு அடி தள்ளிச் சுத்தமான தரையில் புதுக் குவியலாக அடுக்குங்கள். பழைய இடத்தின் மண்ணை 5 சென்டிமீட்டர் கிளறிப் பாருங்கள். பாம்பும் பூரானும் அதே இடுக்கில்தான் இருக்கும். கையை உள்ளே விடாமல் நீண்ட இரும்புக் கொக்கியால் இழுங்கள். கட்டாயம் பூட்ஸ் போட்டிருக்க வேண்டும்.

தேவையில்லாத குவியலை இந்த மாதங்களிலேயே ஒழித்துவிடுவது பாதி வேலையை முடித்ததற்குச் சமம். மழைக்காலத்தில் எத்தனை நத்தை எடுத்தாலும், ஒண்டுவதற்கு இடம் இருக்கும்வரை வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

இரவில் பிடிப்பது

மழை தொடங்கியபின் இருட்டி ஒரு மணி நேரம் கழித்து இறங்குங்கள். பொழுது விடியும் முன்பும் நல்ல நேரம்தான். மழை பெய்து ஓய்ந்த இரவில் கிடைப்பது வறண்ட இரவில் கிடைக்காது.

ஒருவருக்கு வேண்டியவை: தலையில் மாட்டும் விளக்கு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, நீண்ட இடுக்கி, இறுக்கமான மூடியுள்ள 10 லிட்டர் வாளி. மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். திறந்த வாளியில் வைத்துவிட்டுப் போனால் காலைக்குள் பாதி வாளி காலியாகி, பிடித்ததெல்லாம் சுவரில் இருக்கும். காகிதப் பெட்டியும் சாக்கும் சரிவராது. பெட்டி ஈரத்தில் ஊறிக் கிழியும், சாக்கின் இழைகளுக்கிடையில் குஞ்சு வெளியே வந்துவிடும்.

கண் போன போக்கில் நடந்தால் பெரியது மட்டும் அகப்படும். தோட்டத்தில் 2 மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி, ஒரு கயிற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேராக நடந்து, இலைக்கு அடியையும் தண்டையும் பார்த்துக்கொண்டே போங்கள். அடுத்த இரவு குறுக்குவாட்டில் நடங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரைத் தனியாகப் பாருங்கள். ஓடு வளர அதற்குச் சுண்ணாம்பு வேண்டும், ஆகவே சுவரைச் சுரண்டித் தின்னும். வெள்ளையடித்த மதிலின் அடியில் அரம் போட்டு ராவியதுபோல் தடம் இருந்தால் அங்கே தினமும் வருகிறது என்று பொருள். மினுமினுக்கும் சளிக்கோடும், கயிறுபோல் முறுக்கிய கருப்பு எச்சமும் மற்ற தடயங்கள்.

மழை தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதன்பின் வாரம் ஒருமுறை, மழை ஓயும்வரை. இந்த இடைவெளிக்குக் காரணம் இருக்கிறது. முட்டை ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் பொரியும். பொரித்த குஞ்சு ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தயாராகும். வாரம் ஒருமுறை போனால், ஒரு தடவை கண்ணுக்குத் தப்பியது தாயாவதற்குள் இருபது தடவையாவது உங்கள் விளக்கு வெளிச்சத்தைத் தாண்டியாக வேண்டும். ஒரு மழைக்காலத்தை முழுவதும் விட்டுவிட்டால் அந்தக் கணக்கு கையை விட்டுப் போய்விடும்.

தெரு முழுக்கச் சேராமல் ஒரு வீட்டார் மட்டும் செய்வது வேலிக்கு அந்தப்பக்கத்து நத்தைக்கு இடம் காலிசெய்து கொடுப்பதுதான். குறைந்தது ஒட்டியிருக்கும் எல்லா மனைகளும் ஒரே இரவில் இறங்க வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் நத்தைக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள். கிலோ கணக்கில் பெரியது மட்டும் வரும், சிறியது பாத்தியிலேயே தங்கிவிடும். நடந்த பரப்புக்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.

ஈரச் சாக்கு

இரவில் இறங்க முடியாதவர்களுக்கும், இறங்கியும் தப்பியவற்றுக்கும் இதுவே பொறி. பழைய சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து, தோட்ட ஓரத்தில் 5 மீட்டருக்கு ஒன்றாக விரியுங்கள். பிளாஸ்டிக் கோணி வேண்டாம், அது ஈரத்தைப் பிடிக்காது. சாக்கின் அடியில் இரண்டு கைப்பிடி பப்பாளித் தோல் அல்லது பழுத்த பப்பாளித் துண்டு, இல்லையென்றால் முட்டைக்கோஸின் வெளியிலை, வெள்ளரித் தோல் வையுங்கள். பப்பாளி வாசனைக்கு இது நன்றாக வரும்.

மாலையில் விரித்து, காலை ஆறு மணிக்குள், வெயில் ஏறும் முன் புரட்ட வேண்டும். சாக்கைத் தூக்கியதும் தரையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். சின்னது சாக்கின் அடிப்பக்க இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறி தோற்பதற்கு ஒரே காரணம் மறதி. இரண்டு நாள் புரட்டாமல் விட்ட சாக்கு பொறியாக இல்லாமல் நத்தைக்கு வீடாகிவிடும், அதன் அடியிலேயே முட்டையிடும். தினமும் பார்க்க முடியாவிட்டால் சாக்கைச் சுருட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

முட்டையைத் தேடுவது

பெரிய ஜவ்வரிசியைத் தண்ணீரில் நனைத்துக் கைப்பிடி அளவு மண்ணுக்குள் புதைத்ததுபோல் இருக்கும். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர், இளமஞ்சள், கெட்டி ஓடு. மேல்மண்ணின் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே கிடக்கும். பூந்தொட்டியின் அடி, பாத்தி விளிம்பு, வாழைக்கன்றின் அடிமண், எருக்குழியின் ஓரம் என்று ஈரமும் பொலபொலப்பும் உள்ள இடங்களில் சிறு கைக்கொத்தியால் மெதுவாகக் கிளறுங்கள். ஒரு கொத்து கிடைத்தால் அதைச் சுற்றி ஒரு அடி வட்டத்தையும் கிளறிப் பாருங்கள்.

பல்லி முட்டையும் ஏறக்குறைய வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒன்றிரண்டாக, இதைவிடப் பெரிதாக இருக்கும். நூறு நூறாகக் கும்பலாக இருப்பதை மட்டும் எடுங்கள். எடுத்ததைக் கொதிநீரில் கொட்டுங்கள். எருக்குழியில் வீசினால் அங்கே இதமான சூட்டில் பொரித்துவிடும்.

குஞ்சு பொரித்த முதல் சில நாட்கள் தன் முட்டையோட்டைத் தின்றுகொண்டு மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஆகவே ஒரு பாத்தியில் நத்தை இல்லை என்று ஓர் இரவு பார்த்துச் சொல்ல முடியாது.

பிடித்ததை அழிப்பது

ஃபிரீசர் கிடைத்தால் இரட்டைப் பையில் கட்டி 48 மணி நேரம் வைப்பதே சுத்தமான வழி. உணவு வைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது, அதற்கென்று பழைய பெட்டி வேண்டும். அது இல்லாதவர்களுக்குக் கொதிநீர்தான் விரைவானது. பழைய டிரம்மில் தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் நத்தைகளைக் கொட்டி, 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும், வீட்டுக்குத் தள்ளி வையுங்கள்.

உப்புநீர் மூன்றாவது வழி: 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ கல்லுப்பு. மூடி போட்டு ஒரு நாள் முழுக்க ஊறவிட வேண்டும். மெதுவான சாவு, ஆகவே வேறு வழி இருந்தால் இது வேண்டாம். ஊர்ந்துகொண்டிருக்கும் நத்தைமேல் உப்பைத் தூவுவது இன்னும் மோசம். நத்தை நுரைதள்ளித் துடிக்கும், பெரியது சில சமயம் பிழைத்தும்விடும், உப்பு மழையோடு வேருக்குப் போகும். தீவில் நல்ல மேல்மண் அப்படியொன்றும் ஆழமாக இல்லை. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காலால் மிதித்து அப்படியே போட்டுவிடுவதும் வேண்டாம். வயிற்றுக்குள் இருக்கும் முட்டைகள் நசுங்காமல் மண்ணில் விழலாம். கிடக்கும் சதையைத் தேடி எலி வரும், அதோடு புழுவின் சுற்று மறுபடி தொடங்கும்.

செத்தவற்றை ஓட்டோடு நொறுக்கி, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, மேட்டில் ஒரு மீட்டர் ஆழக் குழியில் போடுங்கள். மேலே நீற்றிய சுண்ணாம்பைத் தூவி, குறைந்தது அரை மீட்டர் மண் போட்டு மிதித்துவிடுங்கள். மேலாகப் புதைத்தால் நாயும் பன்றியும் ஒரே இரவில் தோண்டிவிடும். முழு ஓட்டை வெளியில் வீசினால் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும்.

கையும் வாயும்

நுரையீரல் புழு இருக்கிறதா இல்லையா என்று நத்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெறுங்கையால் எடுக்க வேண்டாம், குழந்தைகளை எடுக்கவிட வேண்டாம். சளி கையில் பட்டால் உடனே தண்ணீர் விடாதீர்கள், இன்னும் வழுக்கும். காய்ந்த சாம்பலாலோ உப்பாலோ தேய்த்து உருட்டி எடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டத்துக் கீரையை ஒவ்வோர் இலையாக, ஓடும் தண்ணீரில், இரண்டு பக்கமும் கழுவுங்கள். இலை மடிப்பில் அரிசி அளவுக் குஞ்சு ஒட்டியிருக்கும். பச்சையாகச் சாப்பிடுவதைவிட வேகவைப்பது நல்லது. நத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் இருப்பவருக்கு விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் எரிச்சலோ ஊசி குத்துவதுபோன்ற உணர்வோ வந்தால், மருத்துவரிடம் நத்தை விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருந்து: எங்கே, எங்கே கூடாது

கேரளத்தில் பரவலாகப் பயன்படும் கலவை ஒன்று உண்டு. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, 60 கிராம் மயில்துத்தத்தை (செம்பு உப்பு) இன்னொரு லிட்டரில் கரைத்து, இரண்டையும் சேர்த்து வடிகட்டித் தெளிப்பார்கள். நத்தை சாகும், சந்தேகமில்லை. ஆனால் செம்பு மண்ணில் மக்கிப் போகாது, தங்கிச் சேரும். உள்ளூர் நத்தையையும் மண்புழுவையும் தாக்கும், ஓடைக்குப் போனால் மீனைக் கொல்லும். தீவில் எந்தத் தோட்டத்துக்கும் ஓடையோ காடோ கடலோ தூரமில்லை. அதனால் இதைத் தெளிக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

மெட்டால்டிஹைடு 2.5 சதவீதக் குருணை கடைகளில் கிடைக்கும். இது நத்தையின் உடல் ஈரத்தையெல்லாம் சளியாகக் கக்கவைத்து, முடக்கிப் போட்டுக் கொல்கிறது. அதனால்தான் ஓயாத மழையில் பலிப்பதில்லை. முடங்கிய நத்தை மழைநீரை உறிஞ்சிக்கொண்டு எழுந்துவிடும், குருணையும் கரைந்துபோகும். போட்டே ஆக வேண்டிய நாற்றங்கால் இருந்தால், மழை இல்லாத மாலையில், மூடிய பொறிப் பெட்டிக்குள் மட்டும் வைத்து, முடங்கியவற்றை விடிந்ததும் பொறுக்கிவிடுங்கள். நாய், பூனை, கோழி, மாடு எதுவும் அதைத் தின்றால் உயிர் போகும். காட்டோரத்தில், அலையாத்திக் காட்டருகில், நீரோடைக் கரையில் எந்த மருந்தும் வேண்டாம். அங்கே கைதான் கருவி.

சுண்ணாம்புக் கோடும் சாம்பல் கோடும் காய்ந்திருக்கும்வரை தடுக்கும். அந்தமான் மழையில் அது ஓர் இரவுகூடத் தாங்காது. நாற்றங்காலைக் காக்க, கால் நட்ட மேடையில் தட்டுகளை வைத்து, ஒவ்வொரு காலிலும் கையகலச் செம்புத் தகட்டைச் சுற்றுங்கள். மேலே போடும் வலையின் கண் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். 5 மில்லிமீட்டர்க் கண்ணில் குஞ்சு உள்ளே போய் அங்கேயே பெருத்துவிடும்.

இன்னொரு பிராணியை ஏவாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், உலகத் தீவுகளில் நத்தையால் நடந்ததைவிடப் பெரிய சேதம் நத்தையை ஒழிக்க வந்த பிராணியால் நடந்தது. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த ஓநாய் நத்தை மற்ற நத்தைகளை வேட்டையாடித் தின்னும். ஆப்பிரிக்க நத்தையைத் தின்னட்டும் என்று 1955இல் ஹவாயிலும், 1977இல் பசிபிக் தீவான மூரியாவிலும் விட்டார்கள். அது பெரிய ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, மரத்தில் வாழ்ந்த சின்ன உள்ளூர் நத்தைகளைத் தின்றது. மூரியாவில் பார்ட்டுலா என்ற மரநத்தை இனங்கள் பத்து வருடத்துக்குள் காட்டிலிருந்து துடைத்தெடுத்ததுபோல் போய்விட்டன. விலங்குக் காட்சிசாலைகளில் கொஞ்சம் வளர்த்து வைத்திருந்ததால்தான் இன்று சிலவற்றைத் திரும்பவும் காட்டில் விட முடிகிறது.

வாத்து நல்ல துணை, ஆனால் வேலி அடைத்த தோட்டத்துக்குள் மட்டும். காட்டோரத்தில் மேயவிட்டால் அதற்கும் உள்ளூர் நத்தைக்கும் வெளியூர் நத்தைக்கும் வித்தியாசம் தெரியாது.

ஏற்கெனவே தீவில் இருக்கும் காவலாளியைக் கெடுக்காமல் விடுவது இதைவிடப் பெரிய உதவி. ஜாவாவுக்குத் தெற்கே இருக்கும் கிறிஸ்துமஸ் தீவில் ஆப்பிரிக்க நத்தை பல காலமாக இருந்தும், காட்டுக்குள் நுழைய முடியவில்லை. தரையெல்லாம் நிறைந்திருந்த சிவப்பு நண்டுகள் அதைப் பிடித்துத் தின்றுவிட்டன. பிறகு மஞ்சள் பைத்திய எறும்பு என்ற இன்னொரு அந்நிய உயிர் பெருகி, நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. நண்டு அழிந்த இடங்களில் நத்தை காட்டுக்குள் ஏறிவிட்டது. உங்கள் தோப்பில் நிலநண்டு வளை இருந்தால் அதை அடைக்காதீர்கள், மருந்து ஊற்றாதீர்கள். தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கும் புதரையும் வெட்டிப் புதுப்பாதை போடாதீர்கள்.

வனத்துறையின் காட்டுக்குள் நத்தை தென்பட்டால் நீங்களாக உள்ளே போய்ப் பொறுக்க வேண்டாம். இடத்தைக் குறித்துத் துறைக்குத் தெரிவியுங்கள். பழங்குடியினர் காப்பகத்துக்குள் எக்காரணத்துக்கும் நுழையக் கூடாது.

கப்பலில் வரும் வழி

நத்தை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவது வாழைக்கன்றிலும் பூந்தொட்டியிலும் மணல் லாரியிலும்தான். சென்னையிலிருந்தோ போர்ட் பிளேரிலிருந்தோ (இப்போது ஸ்ரீ விஜய புரம்) சிறு தீவுக்குச் செடி கொண்டுபோகிறவர் இதைச் செய்தால் போதும்.

வாழைக்கன்றை மண்ணோடு எடுக்காதீர்கள். வேரைச் செதுக்கி, மண்ணை முழுக்கக் கழுவி, வெளிப்பட்டைகள் இரண்டை உரித்துவிடுங்கள். குஞ்சு ஒண்டுவது அந்தப் பட்டை இடுக்கில்தான். தொட்டிச் செடியானால் தொட்டியைக் கவிழ்த்து அடித்துளையைப் பாருங்கள், செடியை வேரோடு உருவி மண்கட்டியின் ஓரத்தைப் பாருங்கள். எருவும் தோட்டமண்ணும் தீவு விட்டுத் தீவு கொண்டுபோக வேண்டாம், போகிற இடத்திலேயே தயாரித்துக்கொள்ளலாம். செங்கல், தகரம், பழைய மரம் ஏற்றும் முன் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். தூங்கும் நத்தை பயணம் முழுக்க அசையாமல் ஒட்டியிருந்து, இறங்கிய இடத்தில் முதல் மழைக்கு எழும்.

புதிதாக வந்த செடிகளை நேரே தோட்டத்தில் வைக்காமல், சிமெண்ட் தரையில் தனியாக 45 நாள் வையுங்கள். மண்ணில் முட்டை இருந்தால் மூன்று வாரத்துக்குள் பொரித்து, மிச்ச நாளில் குஞ்சு இலையைக் கடித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வாரம் இருமுறை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கணக்கு எழுதுங்கள்

ஒவ்வோர் இரவும் ஒரு நோட்டில் நான்கு விஷயம் போதும்: தேதி, எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினீர்கள், கிடைத்தது எத்தனை, அதில் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்தது எத்தனை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மனம் விட்டுப்போகும். ஏனென்றால் முதல் மாதத்தில் மழை கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். பலரும் கைவிடுவது அங்கேதான். ஆளுக்கு மணிக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். பெரியது குறைந்து சிறியதே அதிகம் வரத் தொடங்கினால் தாய்நத்தைகள் தீர்ந்துவருகின்றன என்று பொருள். அப்போது இரவு நடையைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தை முட்டை தேடுவதில் போடுங்கள்.

ஒரு நத்தையும் கிடைக்காத முதல் வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவின் மயாமியில் 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட பெருக்கத்தை ஒழிக்க 1,68,000க்கும் மேற்பட்ட நத்தைகளை எடுத்தார்கள். மோப்ப நாய்களையும் பழக்கித் தேடினார்கள். 2017க்குப் பிறகு உயிருள்ள நத்தை கிடைக்காத நிலையிலும் தேடிக்கொண்டேயிருந்து, 2021 அக்டோபரில்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதே மாநிலத்தில் வேறொரு ஊரில் 2022இல் மறுபடி தலைகாட்டியது. வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு வருடம் வேண்டியதில்லை. இரண்டு முழு மழைக்காலம் ஒன்றும் கிடைக்காமல் போனால் வார நடையை மாத நடையாக்கலாம். ஈரச் சாக்கில் இரண்டை மட்டும் காட்டோரத்தில் நிரந்தரமாக வைத்துக் காலையில் புரட்டிக்கொண்டே இருங்கள். புதிது வந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.